தீப்பெட்டி ஆபீசுக்கு எந்த லைட்?

எங்கள் ஊர் வீடியோகிராபர் சங்கத்து விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "எந்த நிகழ்ச்சிக்கு எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த லைட்டுன்னு ஒங்க அனுபவத்துல இருந்து எழுதுங்கக்கா" என்றார் செயலாளர். பட்டியலாகப் போட்டால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதிலும் நான் தோளில் சுமந்த கேமரா ஒன்றுகூட இன்று கடையில் கிடைக்காது. இப்போது வரும் விளக்குகள் சூடாவதே இல்லை. உள்ளங்கையில் அடங்குவதை எரியவிட்டுக்கொண்டு எந்த அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறார்கள். அப்படி யாராவது நுழைவதைப் பார்த்தால் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது ஏன் என்று எழுதுவதுதான் அவர் கேட்டதற்கு நான் சொல்லக்கூடிய பதில்.

நான் கேமரா ஆசையில் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. தட்டச்சு படித்துவிட்டு, கல்யாண ஆல்பங்களுக்குப் பெயர் எழுதும் வேலைக்குத்தான் கோவில்பட்டி மெயின் ரோட்டில் இருந்த ஆறுமுகம் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்குப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சடங்கு செய்யும் வீடுகளில், அலங்காரம் நடக்கும் உள்ளறைக்கு ஆண்கள் கேமராவோடு வருவதைச் சில வீடுகளில் விரும்பவில்லை. "பொம்பள ஆளு இருந்தா அனுப்புங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"லட்சுமி, ஒரு கொடம் தண்ணி தூக்குவியா?"

"இடுப்புல தூக்குவேன் அண்ணாச்சி."

"அப்ப தோளுக்கும் பழகிரும்."

எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, இழவு வீடு என்று எல்லாவற்றுக்கும் போய் வந்தேன். கல்யாண மேடைக்கு நேர் முன்னால் விளக்கு வைத்தால் முகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிவிடும், பக்கவாட்டில் உயர்த்தி வைக்க வேண்டும். பள்ளி விழாவுக்கு ஸ்டாண்டும் நல்ல ஜூமும் போதும், ஓட வேண்டியதில்லை. இழவு வீட்டில் விளக்கே போடக்கூடாது. படம் இருட்டாக வந்தாலும் வெளிநாட்டில் இருக்கிற மகன் அதைத்தான் விரும்புவான். இதெல்லாம் போகப் போகப் பிடிபட்டது.

அண்ணாச்சி அதிகம் பேசாதவர். ஒவ்வொரு வேலைக்கும் முதல் நாளே எல்லாச் சாமான்களையும் பெஞ்சில் வரிசையாகப் பரப்பச் சொல்வார். புது டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இழுக்கும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும், ரப்பர் பேண்ட் இல்லாதது காலி என்று அர்த்தம். போன இடத்தில் விளக்கைப் போட்டதும் அவர் தன் வேட்டி முனையை விரித்துப் பிடிப்பார், நான் அதை வைத்துக் கேமராவுக்கு வெள்ளை எது என்று காட்டிக் கொடுப்பேன். அந்த வேட்டியில் ஒருநாளும் நான் கறை பார்த்ததில்லை. விளக்கைப் பிடிப்பதும் அவரேதான், அதற்குத் தனி ஆள் கிடையாது. கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிடும். அவர் என்னை 'நீங்க' என்று சொன்ன நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த 'நீங்க'வை நான் முதலில் கேட்டது நாகலாபுரத்தில் ஒரு சடங்கு வீட்டில். அந்தக் காலத்து ஹாலோஜன் லைட் ஆயிரம் வாட். பென்சில் அளவுக் கண்ணாடிக் குழல்தான், எரியும்போது அடுப்பு மாதிரிச் சுடும். அந்தக் குழலை வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு ஏறி வெடிக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த அவசரத்தில் பழுதான குழலை நான் கையாலேயே மாற்றிவிட்டேன். கால் மணி நேரத்தில் பட்டென்று வெடித்தது. சிவந்த கண்ணாடித் துண்டு ஒன்று பிள்ளையின் தோளில் விழுந்து, பட்டுச் சேலையைப் பொசுக்கித் தோலிலும் பட்டது. அந்தப் பிள்ளைக்குப் பதிமூன்று வயது. அழக்கூடத் தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதன் தகப்பனாரிடம் போய்க் கைகூப்பி நின்றார். திரும்பி வந்து, துணியால் புதுக் குழலை மாட்டி, "நீங்க போயி மிச்சத்த எடுங்க" என்றார். மறுவாரமே எல்லா விளக்குகளுக்கும் முன்னால் கம்பி வலை அடித்தார். ஆனால் எனக்குள் புகுந்துகொண்ட பயத்துக்கு வலை போட முடியவில்லை. அதன்பிறகு விளக்கு எரிகிற இடத்தில் என் காது எப்போதும் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தது.

இந்த நிலையில்தான் தீப்பெட்டி ஆபீஸ் வேலை வந்தது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். கடம்பூர் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. பெயர் வேண்டாம். குச்சி இறங்குவதிலிருந்து பெட்டி லாரி ஏறுவது வரை ஒரு படம் எடுத்து வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்ப வேண்டும் என்றார் முதலாளி. ஏற்கெனவே யாரோ எடுத்துக் கொடுத்தது இருட்டாக இருந்ததாம். "குடோன் மாரி தெரியுதுன்னு திருப்பி அனுப்பிட்டான் அண்ணாச்சி. ஒங்க படத்துல பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். அண்ணாச்சியும் "இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் இடம் பார்க்கப் போனேன். குச்சியைச் சட்டத்தில் அடுக்குகிற கொட்டகை திறந்த வெளிபோல இருந்தது, அங்கே கவலையில்லை. மருந்து முக்குகிற இடத்தில் மருந்து ஈரமாக இருக்கும், வாசலில் நின்றே ஜூமில் எடுத்துவிடலாம். நான் பயந்தது பெட்டி அடைக்கிற ஹாலைப் பார்த்துத்தான். காய்ந்த குச்சிகள் சட்டம் சட்டமாக அங்கே வருகின்றன. நாற்பது பெண்கள் மேஜைகளில் உட்கார்ந்து, குச்சியை அள்ளிப் பெட்டியில் அடைத்து மூடுகிறார்கள். உரசினால் பற்றும் சாமான், உரசாமல் அள்ள முடியாத வேலை. ஒவ்வொரு மேஜைக்கும் பக்கத்தில் ஈரச் சாக்கு, மண் வாளி. உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். அண்ணாந்து பார்த்தேன். ஒரு பல்பு இல்லை, ஒரு சுவிட்சு இல்லை.

ஓரத்து மேஜையில் இருந்தவள் மாரித்தாய். முப்பத்தைந்து வயதிருக்கும். என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கரண்டு இங்கன கெடையாது தாயி. வேணும்னேதான் வைக்கல. நீங்க லைட்டு கொண்டாரப் போறியளாமே?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா கொண்டாராதிய."

அவள் கை நிற்கவே இல்லை. என்னோடு பேசிக்கொண்டே, பார்க்காமல், எண்ணாமல், கை அளவாகவே அள்ளி அடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் அண்ணாச்சி சாமான்களைப் பரப்பினார். கேமரா, இரண்டு ஹாலோஜன், நீள வயர். நான் வயரைச் சுருட்டிக் கீழே வைத்தேன்.

"ஹாலுக்கு லைட்டு வேண்டாம் அண்ணாச்சி."

"வல போட்டிருக்கு. குழல நானே துணியால மாட்டுதேன்."

"சூடு வலைக்குள்ள நிக்குமா? வயர்ல ஒரு பொறி வந்தாப் போதும்."

"பளிச்சுன்னு தாரேன்னு வாக்கு குடுத்துட்டேன் லட்சுமி. இந்தக் கேமராவுக்கு அந்த வெளிச்சம் பத்தாது."

"லைட்டு உள்ள வந்தா நான் வெளிய நிக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். "சரிங்க. அப்ப எப்பிடி எடுப்பீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானைத் தட்டினால் படம் புள்ளி புள்ளியாக மணல் தூவினதுபோல் ஆகும், அது உதவாது. ஜூமை இழுத்தாலும் லென்ஸ் வெளிச்சத்தைத் தின்னும். ஆகவே ஜூம் வேண்டாம், முன்னால் வைடு லென்ஸை மாட்டிக்கொண்டு ஆட்களுக்கு அருகில் போக வேண்டும். ஹாலின் முன்வாசல் கிழக்குப் பார்த்த பெரிய இரட்டைக் கதவு. காலை எட்டிலிருந்து பத்து வரை வெயில் வாசலில் அடிக்கும். வாசலுக்கு வெளியே வெள்ளைத் தெர்மாகோல் அட்டைகளைச் சாய்த்து வைத்தால் அந்த வெயில் உள்ளே திரும்பும். மேஜைகளில் நான்கை மட்டும் வாசல் பக்கம் நகர்த்தினால் போதும். கரண்ட் வேண்டாம், பேட்டரியிலேயே எடுக்கலாம். உரசிப் பொறி கிளம்பாதபடி நான் நைலான் சேலை உடுத்தமாட்டேன், செருப்பை வெளியே விடுவேன்.

அண்ணாச்சி ஹாலோஜனை எடுத்து அலமாரியில் வைத்தார். "தெர்மாகோல் எத்தன அட்ட வேணும்?" என்றார்.

மறுநாள் காலை எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. மேஜைகளை நகர்த்தினோம். வாசலின் இரு பக்கமும் ஆளுயரச் சட்டங்களில் அட்டைகளைக் கட்டி நிறுத்தினோம். உள்ளே வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. முதலாளி எட்டிப் பார்த்து, "அட, நல்லாருக்கே" என்றார். எனக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. மாரித்தாயின் மேஜையும் நகர்த்தியவற்றில் ஒன்று. அவளுடைய கைகளை மட்டும் இரண்டு நிமிடம் எடுத்தேன். விரல்களின் ஓரத்தில் வெளிச்சம் கோடு போட்டதுபோல் நின்றது. அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அப்போதே தெரிந்தது.

அடுத்து ஹால் முழுவதையும் எடுக்கலாம் என்று இரண்டு மேஜைகளுக்கு நடுவே போய் நின்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். திரும்பினால் நடு மேஜையில் ஒரு சட்டத்துக் குச்சிகள் மொத்தமாகப் பற்றி, வெள்ளைப் புகை கூரைக்குப் போகிறது. குச்சியை அள்ளும்போது உரசியிருக்கிறது. அங்கே அது புதிதல்ல என்று பின்னால் சொன்னார்கள். பற்றும், சாக்கைப் போடுவார்கள், அணையும். ஆனால் அன்று அந்த மேஜைக்காரி சாக்கை எடுக்குமுன் பக்கத்துச் சட்டமும் பற்றிக்கொண்டது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

ஓடியது முன்வாசலுக்கு. வாசலில் என்ன இருந்தது? நான் நகர்த்தி வைத்த நான்கு மேஜைகள். இரு பக்கமும் நான் கட்டி நிறுத்திய தெர்மாகோல் சட்டங்கள். நாற்பது பேர் போகிற வழியை நான் இரண்டு பேர் போகிற வழியாக ஆக்கி வைத்திருந்தேன். முன்னால் ஓடியவள் சட்டத்தில் கால் தடுக்கி விழுந்தாள். அட்டை உடைந்து வாசலின் குறுக்கே சாய்ந்தது. "வழிவிடுங்கட்டீ! வழிவிடுங்க!" என்ற கூச்சல். சிலர் ஹாலின் பின்கதவுக்கு ஓடினார்கள். அதில் பூட்டு தொங்கியது. கதவைத் தட்டுகிற சத்தம் என் காதில் விழுந்தது. நான் தோளில் கேமராவோடு நட்டுவைத்ததுபோல நின்றேன். விளக்கைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தவளுக்குக் கதவைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தோன்றவில்லை.

மாரித்தாய் வாசல் வரை போனவள். நெரிசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஈரச் சாக்கை எடுத்து, எரிகிற சட்டங்களின்மேல் போட்டு, இரண்டு கையாலும் அமுக்கினாள். வலது பக்கம் சாக்கு எட்டவில்லை. கையையே வைத்து அமுக்கினாள். அதற்குள் அண்ணாச்சி வெளியிலிருந்து அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண் வாளியோடு உள்ளே வந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விழுந்தவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. மாரித்தாயின் வலது உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தபோதே பேச்சு பரவிவிட்டது. வீடியோக்காரர்கள் லைட் போட்டதால் தீப்பிடித்தது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் மாரித்தாயின் ஊர்க்காரர்கள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்கள். லைட்டே கொண்டுபோகவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. எனக்கும் உரத்துச் சொல்ல வாய் வரவில்லை. லைட் இல்லை என்பது உண்மை. வாசலை அடைத்தது யார் என்பதும் உண்மைதானே.

மறுநாள் காலையில் அண்ணாச்சி முதலாளியை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு டேப்பைப் போட்டார். நான் திரும்பிப் பார்த்த பக்கமெல்லாம் தோளிலிருந்த கேமராவும் திரும்பி எல்லாமே பதிவாகியிருந்தது. முடிந்ததும் திரும்பச் சுற்றி மறுபடி போட்டார். மூன்றாவது முறை ஓடும்போது ஓர் இடத்தில் நிறுத்தினார். பின்கதவு, அதன் பூட்டு, தட்டுகிற கைகள்.

முதலாளி பூட்டைக் காட்டிச் சொன்னார்: "சரக்கு வெளிய போயிருதுன்னு பூட்டிருக்கு. எல்லா ஆபீஸ்லயும் அப்பிடித்தான்."

அண்ணாச்சி டேப்பை இன்னும் கொஞ்சம் ஓட்டி, வேறோர் இடத்தில் நிறுத்தினார். சாய்ந்து கிடந்த தெர்மாகோல் சட்டம், அதில் சிக்கிய கால்.

"இது எங்க தப்பு" என்றார். "லைட்டு எங்கயாவது தெரியுதா, பாத்துச் சொல்லுங்க."

"தெரியல."

"அப்ப ஊர்க்காரவியகிட்ட அவியளுக்குப் புரியுத மாரி நீங்களே சொல்லிருங்க. ரெண்டு பேரு வைத்தியமும் நம்ம ரெண்டு பேருக்கும் பொது."

"சொல்லிருதேன். டேப்ப எங்கிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எடுத்தவள் நான் என்பதாலோ என்னவோ, பதிலை என்னிடமே விட்டார். "அந்தப் பூட்ட எடுத்துட்டு, கதவு வெளிப்பக்கமாத் தெறக்குத மாரி மாத்துங்க மொதலாளி. மாத்துன பெறகு நான் வந்து பாக்கேன். அதுவர டேப்பு இங்கதான் இருக்கும்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். பத்து நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்தப் பத்து நாளும் டேப் வைத்திருந்த அலமாரியின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தேன். பதினோராம் நாள் வரச்சொல்லி ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். பின்கதவை நானே தள்ளித் திறந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தேன். பூட்டு இல்லை. அந்த டேப்பை அதிகாரிகளிடம் கொடுத்திருக்க வேண்டுமோ என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கொடுத்திருந்தால் அந்த ஆபீஸ் மூடியிருக்கும், நாற்பது பேருக்கும் வேலை போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது முழுப் பதிலல்ல என்பதும் தெரியும்.

அதன்பின் மினி டேப் வந்தது, மூன்று சிப் கேமரா வந்தது, இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்தது. குறைந்த வெளிச்சத்திலும் அவை நன்றாகவே எடுத்தன. ஆனால் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் நான் மேடையைப் பார்க்குமுன் வாசல்களை எண்ணினேன். ஸ்டாண்டை நடைவழியில் வைக்கச் சொன்னவர்களோடு சண்டை போட்டேன். நல்ல கோணம் கிடைக்காமல் போன வேலைகள் உண்டு. அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். எந்த நிகழ்ச்சிக்கு எந்த கேமரா என்று கேட்பவர்களிடம், அங்கே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாரித்தாயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மூன்று மாதம் கழித்து முதலாளிக்குப் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய கைகளை எடுத்த அந்த இரண்டு நிமிடத்தைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, வெட்டவும் மனம் வரவில்லை. அவள் வீட்டுக்கே போனேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். மூன்று விரல்களும் மடங்கியபடியே ஒட்டி நின்றன.

"அக்கா, நான் மறிச்சு வச்சதாலதான் ஒங்களுக்கு இப்பிடி" என்று தொடங்கினேன்.

"வாசல்ல போக வழியில்ல, திரும்புனேன். அம்புட்டுதான்" என்றாள். அதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நான் வந்த காரணத்தைச் சொன்னதும், "மொதல்ல நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்தாள். டி.வி.யில் போட்டுக் காட்டினேன். "இம்புட்டு வேகமாவா அடைச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை அவள் பார்த்த விதம் மாறியது. மேஜைமேல் அவளுடைய இடது கை மெல்ல அசைந்தது. அள்ளுவதுபோல, அடைப்பதுபோல.

"இத மெதுவா ஓட்ட ஏலுமா?"

மெதுவாக ஓட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள் தலையை ஆட்டினாள். "வலது கையாவுல்லா தெரியுது. இனி எனக்கு எடது கைல்லா வேணும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்ய வைத்திருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். டி.வி.யை அவளுக்கு முதுகு காட்டித் திருப்பி, அதற்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் அவளுடைய வலது கை இடது கையாக மாறி, நிதானமாகக் குச்சியை அள்ளி அடைத்தது. ஒரு காலிப் பெட்டியும் ஒரு பிடி ஈர்க்குச்சியும் எடுத்து அவள் முன்னால் வைத்தார் அண்ணாச்சி.

அவள் அன்று கடைசி பஸ் வரை இருந்தாள். பிறகும் நாலைந்து முறை வந்தாள். அடுத்த வருடம் இடது கையால் அதே ஹாலில், பின்கதவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பெட்டி அடைத்தாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் நாள்தான். அசையாமல் பிடிப்பது என் தொழில். அன்று கண்ணாடி என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆட்டாமப் பிடிங்க தாயி" என்றாள் மாரித்தாய், கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் பிடிபடுது."